பெண்கள் அறையில் மூன்றாவது கட்டில்

நான் நல்லவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் உங்களுக்கும் எனக்கும் வேலை மிச்சம்.

ராஜபாளையத்தில் வீடற்றவர்கள் வந்து தங்கும் காப்பகம் ஒன்றை நடத்தும் பொறுப்பில் பல வருடங்களாக இருக்கிறேன். நடத்துவது எங்கள் மகளிர் குழு. சோறு, கரண்ட், எங்கள் சம்பளம் எல்லாவற்றுக்கும் நகராட்சி வழியாகப் பணம் வரும். ஆண்கள் அறை எப்போதும் நிரம்பியிருக்கும். பெண்கள் அறைதான் தலைவலி. அங்கே பத்துக் கட்டில்களுக்கு இரண்டே பேர்.

வீடில்லாத பெண்கள் ஊரில் இல்லாமலில்லை. வந்தவர்களை விரட்டியதே நான்தான். ஒருத்தி தெருநாய் ஒன்றைக் கூட்டிவந்து கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்தாள். நாயை விடு, இல்லாவிட்டால் நீயும் போ என்றேன். அவள் நாயோடு போய்விட்டாள். இன்னொருத்தி நாளைக்கு நாலு தடவை குளிப்பாள். தண்ணீர் லாரிக்கு உன் அப்பனா பணம் கட்டுகிறான் என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். மறுநாள் அவளும் இல்லை. மூன்றாவதாக ஒருத்தி நான் திட்டும்போது சிரித்தாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

பங்குனியில் ஒரு காலை போன் வந்தது. சென்னையிலிருந்து ஓர் அதிகாரி அன்றைக்கே பார்வையிட வருகிறார், பதினோரு மணிக்கு. பெண்கள் அறையில் மூன்று பேராவது இல்லையென்றால் அந்த அறைக்கு இனிப் பணம் வேண்டாம் என்று எழுதிவிடுவார். அப்படி எழுதினால் இருக்கிற இரண்டு பேரும் தெருவுக்குப் போவார்கள், சமையல்காரம்மா வீட்டுக்குப் போவாள், நானும் போவேன். என்னைக் கடைசியில் சொல்கிறேனே தவிர, அன்று எனக்கு முதலில் ஞாபகம் வந்தது என் வேலைதான்.

வாசலில் ஒரு குரல் கேட்டது. "ஆத்தாளுக்கு மடிப்பிச்சை போடுங்கம்மா."

எட்டிப் பார்த்தேன். மஞ்சள் சேலை, இடுப்பில் வேப்பிலைக் கொத்து, செருப்பில்லாத கால்கள். முந்தானையை மடியாக ஏந்தியிருந்தாள், அதில் கொஞ்சம் அரிசி. பிச்சைக்காரி இல்லை, நேர்த்திக்கடன் செலுத்துகிறவள். வயது முப்பத்தைந்து இருக்கும். கேட்டதற்கு எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, நூல் மில்லில் வேலை. புருஷன் இறந்துவிட்டான். ஒரே மகள், ஏழாவது படிக்கிறாள். பிள்ளைக்கு இருதயத்தில் கோளாறு, மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. முன்பின் தெரியாத ஊரில் ஏழு வீடு ஏறிப் பிச்சை வாங்கி, அன்று சாயங்காலம் தீ மிதிக்கப் பூக்குழி இறங்குவதற்குள் அந்த அரிசியைத் தன் ஊர் மாரியம்மன் கோயிலில் சேர்ப்பதாக வேண்டுதல்.

"எம்புட்டு வீடு ஏறிட்டே?"

"இது அஞ்சாவதுக்கா."

மடிப்பிச்சைக்கு வருகிறவளை அம்மனாக நினைத்துக் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன், கும்பிட்டேன். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் மனசு எண்ணி முடித்துவிட்டது, மூன்று பேர்.

"உள்ள வாம்மா. இங்க முப்பது பேர் இருக்காங்க. ஆளுக்கு ஒரு கை போட்டா உன் மடி நெறஞ்சிரும்" என்றேன்.

சந்தோஷமாக வந்தாள். நான் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பெண்கள் அறைக்குக் கூட்டிப்போய் அதன் பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். "ஒரு ஆபீசர் வாராரு. அவர் போற வரைக்கும் இந்தக் கட்டில்ல படுத்திரு. அஞ்சு படி அரிசி தாரேன்."

"எனக்கு வீடு இருக்குக்கா. நான் எதுக்கு இங்க படுக்கணும்?"

"செத்த நேரந்தான்."

"மடியில அரிசிய வச்சிக்கிட்டுப் படுக்கக் கூடாதுக்கா."

"அப்பம் உக்காரு."

மஞ்சள் சேலை காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒரு கம்பளியை எடுத்து அவளைச் சுற்றிப் போர்த்தினேன். வெளியே பங்குனி வெயில் பொசுக்கிக்கொண்டிருந்தது. அடுத்த கட்டிலில் இருந்த வயதான அம்மா, "பாவம்லா, விட்டுருங்க" என்றாள். "நீ வெளிய போறியா?" என்று கேட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு வரவேண்டியவர் வரவில்லை. பன்னிரண்டுக்கு அவள் மணி கேட்டாள். ஒன்றுக்குக் கேட்டாள். அதற்குப் பிறகு அழுதாள். இரண்டு மணிக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் இரண்டு வீடு ஏறிவிட்டு பஸ் பிடிக்கவேண்டும் என்று கெஞ்சினாள். சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது என்றேன். என் இடுப்பில் தொங்கியதை அவளும் பார்த்தாள், அவள் பார்த்ததை நானும் பார்த்தேன். வெட்கமாகவெல்லாம் இல்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருப்பது அதுதான்.

மூன்று மணிக்கு அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர். கழிப்பறையைப் பார்த்தார், சாம்பாரை ருசி பார்த்தார். பெண்கள் அறைக்கு வந்து கம்பளிக்குள் இருந்தவளைப் பார்த்து, "காய்ச்சலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பெயர், ஊர் எல்லாவற்றையும் நானே சொல்லிப் பதிவேட்டில் எழுதினேன். உறவினர் என்ற இடம் வந்ததும் அவர் அவளிடம் நேராகக் கேட்டார்.

"உங்களுக்கு யாராவது இருக்காங்களாம்மா?"

அவள் கம்பளிக்குள் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் இல்ல சார்" என்றேன் நான்.

"அவங்க சொல்லட்டும்" என்றார்.

நான் அவருக்குப் பின்னால் நகர்ந்து நின்றேன். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரிப் பிடித்தேன். மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, வேண்டுதல் அரிசியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு தாய் வாயால் அந்தச் சொல்லைச் சொல்வது என்ன என்று எனக்குத் தெரியும். நானும் பிள்ளை பெற்றவள்தான். வீட்டில் யாராவது விளையாட்டுக்கு அப்படிப் பேசினால்கூட வாயில் போடுவேன்.

அவள் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "யாரும் இல்ல."

அதிகாரி எழுதச் சொன்னார். 'உறவினர் எவருமில்லை' என்று என் கையாலேயே எழுதினேன். பக்கத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். நல்ல குண்டு குண்டான எழுத்து. "படிச்சிருக்கீங்களே" என்று அவர் வருத்தப்பட்டார்.

ஜீப் போனதும் கேட்டைத் திறந்தேன். அரிசி அளந்து கொடுத்தேன். அவள் மடியை ஏந்தவில்லை. "இது ஆத்தாளுக்கு ஆகாதுக்கா" என்று சொல்லிவிட்டு, கம்பளியைக் கழற்றி என் கையில் கொடுத்து, பஸ் ஸ்டாண்ட் பக்கமாக ஓடினாள். கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு ஓடினாள். பூக்குழிக்குள் போய்ச் சேர்ந்தாளா, இல்லையா என்று நான் விசாரிக்கவில்லை.

பணம் வந்தது. பெண்கள் அறைக்கு இரண்டு புது ஃபேன் மாட்டினோம்.

ஆனியில் அவள் திரும்ப வந்தாள். சாதாரணச் சேலையில் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டே பேசினாள்.

"அந்த வரிய அடிச்சிருங்கக்கா. வார திங்கக்கெழமை பிள்ளைக்கு ஆபரேசன்."

"எந்த வரி?" என்று தெரியாதவள்போலக் கேட்டேன்.

"யாரும் இல்லன்னு எழுதுனீங்கல்லா, அது. எனக்குப் பிள்ள இருக்கு. நான் வாயால சொன்னதுக்கு ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். எழுத்துல கெடக்கறத நீங்கதான் அடிக்கணும்."

பக்கத்துக்கு நம்பர் போட்ட நோட்டு, அடித்தல் திருத்தல் கூடாது, ஆடிட் வரப்போகிறது, நகல் சென்னைக்குப் போய்விட்டது என்று அடுக்கினேன்.

"சென்னையில கெடந்துட்டுப் போகுது. இந்த நோட்டுல மட்டும் அடிங்கக்கா. நான் பாத்துட்டுப் போயிருதேன்."

"ஏட்டி, எழுத்துல என்ன இருக்கு? ஆடி கழியட்டும். ஆடிட் முடிஞ்ச பொறவு வா, அடிக்கேன்."

"அதுக்குள்ள ஆபரேசன் முடிஞ்சிருமேக்கா."

நான் உள்ளே போய்விட்டேன். மத்தியானம் வரைக்கும் கேட்டருகே வெயிலில் உட்கார்ந்திருந்தாள். நோட்டு என் மேசை டிராயரில் இருந்தது, பேனா அதன் மேலே இருந்தது. ஒரு கோடு போட எவ்வளவு நேரம் ஆகும்? அடித்தால் ஏன் அடித்தாய் என்று கேட்பார்கள், கேட்டால் அன்றைக்கு நடந்தது வெளியே வரும், வந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அவள் எழுந்து போகும் வரை இப்படியே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆடிட்காரர்கள் வந்தார்கள். வடையும் காப்பியும் சாப்பிட்டார்கள். அந்த நோட்டை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஆவணியில் ஒரு காலை அவள் ஒரு துணிப் பையோடு வந்து நின்றாள். நான் எதையும் கேட்கும் முன்பே டிராயரைத் திறந்தேன். "அடிச்சிருதேன், இந்தா, உன் கண்ணு முன்னாலயே அடிச்சிருதேன்" என்றேன். பக்கம் கிடைக்கவில்லை, புரட்டிக்கொண்டே இருந்தேன்.

"வேண்டாம்க்கா. இனி அது கெடக்கட்டும்" என்றாள்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடனில் வாடகை வீடு போய்விட்டது, மில்லிலும் நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னாள். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என்னைத் தாண்டி உள்ளே போனாள். அந்தக் கட்டிலில் பையை வைத்தாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தாள்.