இரண்டாம் தரம் கேட்டால்

என் மனைவி பிறிஜெற் ஐம்பத்து நான்காவது வயதில் மறுபடி மாணவியானாள். விண்ணப்பப் படிவத்தை அவள் நிரப்பிக்கொண்டிருந்தபோது, "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமோ?" என்று கேட்டேன். அவள் நிமிரவே இல்லை. "ஐந்தில வளைக்கிற வேலைதான் நான் இருபத்தேழு வருசமாச் செய்யிறன். எது வளையும் எது வளையாது எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவளுடைய வகுப்பறை. நான்கு நீள வாங்குகள், ஒரு வெள்ளைப் பலகை, பின்னேரம் நான்கு மணியானால் வாசல் முழுக்கச் சின்னச் சப்பாத்துகள். முதலாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டு வரைக்கும் பிள்ளைகள் வருவார்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வரும் நாளில் எங்கள் வீட்டில் குவியும் கேக்கைத் தெரு முழுக்கக் கொடுத்தாலும் மிஞ்சும். அப்படிப்பட்டவளிடம் போன வருடம் ஒரு தாய் தொலைபேசியில், "டீச்சர், நீங்க சைல்ட் சைக்கொலஜி படிச்சிருக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டார். இருபத்தேழு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. அன்று அவள் சோற்றில் உப்புப் போட மறந்தாள். அடுத்த வாரமே வெள்ளவத்தையில் ஒரு வருடச் சிறுவர் உளவியல் டிப்ளோமாவில் சேர்ந்துவிட்டாள்.

சனிக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். துறைமுகத்தில் மின்சாரப் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்ற எனக்கு வேறென்ன வேலை, நானும் துணைக்குப் போவேன். அவள் படிக்கும் நேரம் முழுக்க எதிர்க் கடையில் பிளேன்டீயும் ரோல்ஸுமாக என் பாடு ஓடும்.

விரிவுரையாளர் மேனுகாவுக்கு முப்பத்தொரு வயது. ஒரு காலத்தில் எங்கள் முன்னறையில் இரண்டாவது வாங்கில் இருந்து வாய்ப்பாடு சொன்ன பிள்ளை. முதல் நாள் பிறிஜெற் வகுப்புக்குள் நுழைந்ததும் மேனுகா தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டாளாம். விரிவுரையாளரே எழும்புகிறாரே என்று மற்ற முப்பது பேரும் எழும்பிவிட்டார்களாம். இதைச் சொல்லும்போதெல்லாம் பிறிஜெற் வெட்கப்பட்டுச் சிரிப்பாள்.

படித்ததை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருவாள். பிள்ளை என்பது அளவு குறைத்துச் செய்த பெரிய ஆள் இல்லையாம். அதன் யோசனை நான்கு படிகளில் ஏறுமாம். இரண்டாம் படியில் நிற்கும் பிள்ளைக்குத் தான் நிற்கும் இடத்திலிருந்து தெரிவதுதான் உலகம், மற்றவருக்கு வேறு மாதிரித் தெரியும் என்பது பிடிபடாது. ஒரு காலை நான் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "இந்தப் படத்தைப் பாரும்" என்றேன். எதிரே இருந்த அவளுக்குத் தெரிந்தது மரண அறிவித்தல் பக்கம். "நீங்கள் இன்னும் இரண்டாம் படியிலதான் நிக்கிறியள்" என்றாள். அறுபத்திரண்டு வயதில் எனக்குக் கிடைத்த பதவி அது.

ஒரு பாடத்தைப் பற்றி மட்டும் அவள் பகிடி விடவில்லை. ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறது. ஒன்று, என்னால் ஏலும். இல்லாவிட்டால், நான் மற்றவர்களிலும் பார்க்கக் குறைவு. பிறகு பதின்ம வயதில் "நான் யார்" என்ற கேள்வி வரும்போது, இந்த முடிவை வைத்துத்தான் பதிலும் கட்டப்படும். "அப்ப என்ர வாங்கில இருக்கிற வயசிலதான் எல்லாம் நடக்குது" என்றாள். அன்று முழுக்க அந்த யோசனையாகவே இருந்தாள்.

நுஹாவின் பிரச்சினை வந்தது அந்த நாட்களில்தான். எட்டு வயது, மூன்றாம் ஆண்டு. எங்கள் தெருவின் முடிவில் வீடு. வகுப்பில் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாத அளவுக்கு அமைதியான பிள்ளை. அவளுடைய தாய் பஸீஹா ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்த பிறகும் போகாமல் நின்றார்.

"டீச்சர், ஸ்கூல்ல புள்ளய விசேட பிரிவுக்கு மாத்தப் போறாங்களாம். எதக் கேட்டாலும் ஒண்டு சொல்லி, பொறகு வேற ஒண்டு சொல்றாவாம். விளங்கல்லன்னு சொல்றாங்க. வார திங்கள் இல்ல, மத்தத் திங்கள் பகுதித் தலைவி கூப்பிட்டுக் கேட்டுப் பார்த்துத்தான் முடிவாம். அவட வாப்பாக்கு நான் இன்னும் சொல்லவும் இல்ல."

பிறிஜெற் அவரை இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தாள். "விசேட பிரிவு கூடாத இடம் இல்லை பஸீஹா. தேவைப்படுகிற பிள்ளைக்கு அது நல்ல இடம். தேவையில்லாத பிள்ளையைக் கொண்டுபோய் இருத்தினாத்தான் பிழை. எனக்கு ஒரு சோதனை படிப்பிச்சிருக்கினம். நாளைக்குக் காலமை கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள். அந்தச் சனி வகுப்பு விடுமுறை. மேனுகா கொடுத்த ஒப்படையும் அதே சோதனைதான்; பன்னிரண்டு பிள்ளைகளிடம் செய்து, காணொளி எடுத்துக் கொண்டுவர வேண்டும்.

சோதனை இதுதான். ஒரே மாதிரி இரண்டு கிளாஸில் ஒரே அளவு தண்ணீர். பிள்ளையின் கண்முன்னே ஒன்றை எடுத்து, ஒடுங்கிய நீளமான கிளாஸில் ஊற்றவேண்டும். பிறகு எதில் தண்ணீர் கூட, எதில் குறைவு என்று கேட்கவேண்டும். சின்னப் பிள்ளை உயரத்தைப் பார்த்து நீளமானதைக் காட்டும். ஏழு வயதளவில், ஊற்றினால் அளவு மாறாது என்று பிடிபட்டுவிடும்.

போனைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். பிறிஜெற் ஊற்றினாள். "எதில தண்ணி கூட, நுஹா?"

"ரெண்டும் ஒரே அளவு, டீச்சர்."

விடையை ஒருமுறை உறுதிப்படுத்தவும் என்று ஒப்படைத் தாளில் இருந்தது. பிறிஜெற் தன் வழக்கப்படி உறுதிப்படுத்தினாள். "வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

நுஹா நிமிர்ந்து பார்த்தாள். "நீளமானதுல கூட" என்றாள்.

சில்லறைக் காசுகளை இரண்டு சம வரிசையாக அடுக்கி, ஒன்றை மட்டும் அகலப் பரப்பிக் கேட்டபோதும் அப்படித்தான். ரொட்டி மாவை உருட்டி நீட்டிக் கேட்டபோதும் அப்படித்தான். பிள்ளையும் தாயும் போனபிறகு பிறிஜெற் மாவை அப்படியே விட்டுவிட்டு இருந்தாள். "வயசுக்கு ரெண்டு வருசம் பின்னுக்கு நிக்கிறா. பஸீஹாவுக்கு நான் என்னெண்டு சொல்லுவன்?" என்றாள். அந்த வாரம் மற்றப் பிள்ளைகளையும் சோதித்தாள். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் பிழை. மாதிரித் தாள்களில் ஒரு புள்ளியும் விடாத ஷாமிலும் அந்த ஒன்பதில் ஒருவன். "கொட்டாஞ்சேனைத் தண்ணியிலதான் ஏதோ பிழை" என்றேன் நான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை போனைத் திரையோடு இணைக்கத் தெரிந்தவன் என்பதால் என்னையும் வகுப்பின் பின்வரிசையில் இருக்க விட்டார்கள். நுஹா திரையில் வந்தாள். மேனுகா ஒரு தடவை போட்டாள். மறுபடி போட்டாள். பிறகு நிறுத்திவிட்டு, விரிவுரையாளர் குரலில் இல்லாமல் வேறொரு குரலில் கேட்டாள். "டீச்சர், ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டீங்களே?"

"சொல்லும் பிள்ளை."

"இதை என்னட்டக் கேட்டிருந்தாலும் நானும் மாத்தித்தான் சொல்லியிருப்பன். அந்த வாங்கில இருந்த எங்கள் எல்லாருக்கும் ஒரு சட்டம் தெரியும். டீச்சர் 'ம்' எண்டால் சரி. 'வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ' எண்டால் பிழை, உடனே மாத்தவேணும். இவ தண்ணியைப் பாத்து மாத்தேல்ல டீச்சர். உங்கட முகத்தைப் பாத்து மாத்தினவ."

மூன்றாம் தரம் போட்டாள். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. நிமிர்ந்த பிள்ளை கிளாஸ் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்தில் நின்று படம் பிடித்த எனக்கு அன்று ஒன்றும் படவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். மனைவியின் முதுகும் தெரியாது போல. பிறிஜெற் கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டியது. அவள் யன்னலைப் பார்த்தபடியே, "இருபத்தேழு வருசம். எத்தனை பிள்ளையள் சரியான விடையை அழிச்சுப்போட்டுப் பிழையை எழுதியிருக்கும்?" என்று கேட்டாள்.

"பிழையைத் திருத்தத்தானே நீர் கேட்டனீர்?"

"பிழை விட்டா மட்டும் கேட்டன். ஆர் இரண்டாம் தரம் கேட்டாலும் தன்ர விடை பிழையெண்டு பிள்ளை பழகியிட்டுது. அதுதான் பிழை." அவளுடைய கண் கலங்கியிருந்தது. நான் அவளுடைய பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த கையோடு நுஹாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் மறுபடி கேட்டாள், ஒரே ஒரு தரம். தண்ணீர், காசு, மாவு, மூன்றும் சரி. பஸீஹா அழுதேவிட்டார். பிறிஜெற்றுக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. "திங்கட்கிழமை கேக்கப் போறவவும் ஒரு டீச்சர்தானே. அவவும் இரண்டாம் தரம் கேப்பா. பிள்ளை மாத்துவா" என்றாள். அதைக் கேட்டதும் பஸீஹாவின் முகம் இருண்டது.

நல்லகாலம், அன்றே பாடசாலையிலிருந்து செய்தி வந்தது: பகுதித் தலைவிக்கு வேறு கூட்டம், நேர்முகம் ஒரு கிழமை தள்ளிப் போடப்பட்டிருக்கிறது. பிறிஜெற்றுக்கு ஒன்பது நாள் கிடைத்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தொடங்கினாள். இனிமேல் சரியான விடைக்கும் இரண்டாம் தரம் கேட்பது என்று முடிவு. முதல் கேள்வி, "உங்கட பேர் என்ன?"

"நுஹா."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

பிள்ளை விழித்தாள். "பாத்திமா... நுஹா?" என்றாள். தன் பேரிலேயே சந்தேகம். பிறிஜெற் எழும்பிக் குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

திங்கள் முதல் முழு வகுப்புக்கும் அதே விளையாட்டு. உன் பேர் என்ன, இன்றைக்கு என்ன கிழமை, பூனைக்கு எத்தனை கால். எல்லாவற்றுக்கும் ஒரு "வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ". சில விடை உண்மையிலேயே பிழையாக இருக்கும், சிலது சரியாக இருக்கும். எது எது என்று அவளுடைய முகத்தில் தேடினால் கிடைக்காது. இரண்டு நாள் பிள்ளைகள் தடுமாறிப் போனார்கள். மூன்றாம் நாள் ஷாமில், "பூனைக்கு நாலு காலுதான் டீச்சர், எத்தனை தரம் கேட்டாலும்" என்றான். வாங்கே குலுங்கிச் சிரித்தது. நானும் தப்பவில்லை. "பிறசர் குளிசை போட்டனீங்களோ?" என்றாள். "ஓம்" என்றேன். "வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றாள். குளிசையை விழுங்கிய நான் எழும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

நுஹா மட்டும் மெதுவாகத்தான் ஏறினாள். விடையை மாற்றுவதை நிறுத்தினாள், ஆனால் குரல் தேய்ந்து போகும். கண் இன்னும் பிறிஜெற்றின் முகத்தில்தான். கடைசி வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். போதுமோ போதாதோ என்று எங்களுக்குத் தெரியவில்லை.

நேர்முக நாளன்று நாங்களும் போனோம். பஸீஹா தனியே போகப் பயந்தார். பகுதித் தலைவியின் அறைக்கு வெளியே வாங்கில் நான் இருந்தேன். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சுவரோரமாகத் தாயும் பிறிஜெற்றும், மேசைக்கு முன்னால் நுஹா. பகுதித் தலைவி கெட்டவர் இல்லை. கனிவாகத்தான் கேட்டார். வாசிக்கச் சொன்னார், வாசித்தாள். பிறகு ஒரு கணக்கு.

"இருபத்தேழையும் முப்பத்தஞ்சையும் கூட்டினா எவ்வளவு?"

நுஹா விரலை மடக்கி விரித்தாள். "அறுபத்திரண்டு, மிஸ்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க பாப்பம்."

பஸீஹா கண்ணை மூடிவிட்டார். பிறிஜெற்றின் கை சேலைத் தலைப்பைச் சுருட்டியது. அவள் தலை குனிந்திருக்கலாம், குனியவில்லை. பிள்ளை திரும்பினால் தன் முகத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது என்று கல் மாதிரி இருந்தாள். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"அறுபத்திரண்டுதான் மிஸ்" என்றாள் நுஹா. "நான் யோசிச்சிட்டேன். நீங்களும் கூட்டிப் பாருங்களே."

பகுதித் தலைவி அவளைப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்துத் தாளில் இரண்டு எண்களையும் எழுதி, உண்மையிலேயே கூட்டினார். "சரிதான்" என்றார். இன்னும் பத்துக் கேள்வி கேட்டார். முடிவில் பஸீஹாவிடம், "பிள்ளை இருக்கிற வகுப்பிலேயே இருக்கட்டும். மாத்தத் தேவையில்ல" என்றார்.

வெளியே வந்ததும் பஸீஹா கணவருக்கு போன் எடுத்து, எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். நுஹா படிக்கட்டில் ஒற்றைக் காலில் குதித்து இறங்கிக்கொண்டிருந்தாள். பிறிஜெற் என் பக்கத்தில் வந்து வாங்கில் இருந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"பாத்தனீங்களே?" என்றாள். "கடைசி வரைக்கும் அவ என்ர முகத்தைத் திரும்பிப் பாக்கவே இல்லை."

எனக்குத் தெரிந்து, ஒரு பிள்ளை தன்னைக் கவனிக்கவில்லை என்று அவள் சந்தோஷப்பட்டது அன்றுதான்.