வாளியின் அடியில் மணல்

இன்றைக்கும் அந்த அடியை நினைத்தால் எனக்குக் கோபம் வரும். செய்யாத குற்றத்துக்கு வாங்கிய அடி.

உலக யுத்தத்தில் துறைமுகத்தில் குண்டு விழுந்த அன்று, வீடிருந்த ஓர்ஸ் ஹில்லிலிருந்து சாம்பல்தீவுக்கு ஓடினோம். அப்பா வாடகைக் குதிரைவண்டி ஓட்டியவர். காய்ச்சலில் கிடந்த நான் வண்டிக்குள் படுத்தபடியே போனேன். கடற்கரைத் தென்னந்தோப்பில் ஒரு குடிசை போட்டோம். ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் காலை குதிரை கொள்ளுத் தீனியைத் தொடவில்லை. முன்காலால் நிலத்தைக் கிளறியது, திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது, பிறகு விழுந்து புரண்டது. இருந்தது அந்த ஒரு பெட்டைக் குதிரைதான். அது செத்தால் எங்கள் அடுப்பு எரியாது.

முன்பொருமுறை அதற்கு மாங்காய் கொடுத்து அகப்பட்டவள் நான். அப்பாவுக்கு அது போதும். தீர்ப்பை முடித்துவிட்டுத்தான் விசாரணையைத் தொடங்கினார்.

"மாங்காய் குடுத்தனீ எல்லோ?"

"நான் குடுக்கேல்லை."

பூவரசங்கம்பு முறியும்வரை அடித்தார். அதன்பிறகு, பட்டாளத்துக் கோவேறு கழுதைகளைப் பார்க்க வந்திருந்த மதராஸ் மிருகவைத்தியரைக் கெஞ்சிக் கூட்டிவந்தார். அந்த மனிதர் குதிரையின் உதட்டைத் தூக்கிப் பல் முரசை, ஈறின் நிறத்தைப் பார்த்தார். அடிவயிற்றில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு சாணத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் பொறுத்து, மெல்லச் சரித்து ஊற்றினார். அடியில் ஒரு கைப்பிடி வெள்ளை மணல் கிடந்தது.

தீனியை எதில் வைக்கிறீர்கள் என்று கேட்டார். அப்பாவை நான் முந்திக்கொண்டேன்.

"மணலிலைதான் கொட்டுறவர். தீனிப்பெட்டியை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டார்."

வைத்தியர் மூக்கு வழியாக ரப்பர் குழாயை இறக்கி எண்ணெய் வார்த்தார். புரளவிடாமல் நடத்தச் சொன்னார். அப்பா வெயிலில் நடத்திக்கொண்டே இருந்தார். பின்னேரம் மணலும் சாணமுமாகப் போனது; குதிரை பிழைத்தது. அம்மா சேலைகளை வெளியே எடுத்துவிட்டு, தன் தகரப்பெட்டியைத் தீனி வைக்கக் கொடுத்தா.

என்னிடம் அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் முதுகு எரிந்தது. அவருக்குக் கேட்கும்படி அம்மாவிடம் கேட்டேன்.

"பெட்டியை விட்டிட்டு வந்த ஆளுக்கு ஆர் அடிக்கிறது?"

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தா. அப்பா வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, குதிரையைத் துடைக்கப் போய்விட்டார். குற்றம் பிடிபட்டதும் நழுவுகிறார் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

வீட்டில் விட்டுவந்த அந்தத் தீனிப்பெட்டி என் நீளம் இருக்கும். அதை இறக்கி வைத்தால்தான் வண்டிக்குள் ஒரு பிள்ளையைப் படுக்கவைக்க முடியும்.