ஆறாவது பங்காளி

பேராசிரியர் லிங்கேஸ்வரன் செத்ததும் 'சமய ஆய்வுலகின் சூரியன் மறைந்தது' என்று பேப்பரில் போட்டார்கள். சூரியனாம், சூரியன்! அவருடைய அனுமந்தன்பட்டியிலும் எங்கள் காமயகவுண்டன்பட்டியிலும் நாலு பேரைக் கேட்டுவிட்டு எழுதியிருந்தால் அந்தப் பேப்பர்க்காரனுக்குக் கை கூசியிருக்கும்.

படிப்பாளிதான், இல்லை என்று சொல்லவில்லை. கூடலூரிலிருந்து தேனி வரைக்கும் எந்தக் குடும்பத்துக்கு எது குலசாமி, எந்தச் சாமிக்குக் கிடாய், எதற்குச் சேவல் என்று தடித்தடியாய்ப் புத்தகம் எழுதினார். டெல்லியிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஆள் வந்து அவர் முன்னால் கைகட்டி நின்றது. குலசாமி தெரியாமல் அல்லாடுகிறவர்களும் அவரிடம்தான் போய்க் கேட்டார்கள். அவரும் தாடையைத் தடவிக்கொண்டே சொல்வார்.

கூத்து என்னவென்றால், அவருக்கே குலசாமி தெரியாது. அவருடைய தாத்தா பஞ்சம் பிழைக்கக் கிழக்கேயிருந்து வந்தவர், யாரிடமும் எதையும் சொல்லாமல் செத்துப்போனார். சிவராத்திரிக்கு ஊரே அவரவர் சாமியைத் தேடிப் போகும்போது, இவர் மட்டும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அடுத்தவன் கோயில் வாசலில் நிற்பார். அது மனுசனை அரித்தது.

எங்கள் குலசாமி வரப்படிக் கருப்புக்கு ஐந்து பங்காளி வகையறா. அவர் தன் புத்தகத்தின் புதுப் பதிப்பில் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தார். அந்த வகையறா அந்தக் காலத்திலேயே அனுமந்தன்பட்டிக்குக் குடிபோய்விட்டதாம், அதன் வாரிசு அவர்தானாம். ஆதாரம்? அவர் எழுதியதுதான் ஆதாரம். "எவன்யா பாத்தான்?" என்று நான் கத்தினேன். எங்கள் பெரியதனக்காரர்கள் காதில் போட்டுக்கொண்டால்தானே!

"ஏலே, டெல்லி வரைக்கும் பேர் போன மனுசன், நம்ம பங்காளின்னு சொல்றாகன்னா நமக்குத்தானலே பெருமை" என்று பல்லை இளித்தார்கள். அந்தச் சிவராத்திரிக்கே அவர் தலையில் பரிவட்டம் சுற்றி மரியாதை செய்தார்கள். மனுசன் அருள் வந்ததுபோல் ஆடியும் காட்டினார். கண்றாவி.

அவருக்கு ஒரே பிள்ளை, உமாதேவி. தேனியில் பேங்க் வேலை. அவளும் என் அண்ணன் மகன் சுரேஷ்கண்ணனும் காலேஜ் நாளிலிருந்தே ஒருத்தரை ஒருத்தர் விரும்பினார்கள். லிங்கேஸ்வரனுக்கும் முழுச் சம்மதம். அடுத்த மாதமே மகளையும் கூட்டிக்கொண்டு பழத்தட்டோடு எங்கள் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்துவிட்டார்.

என் மதினி மொக்கம்மாள், சுரேஷ்கண்ணனைப் பெற்றவள், தட்டைத் தொடவில்லை. "வாங்க கொழுந்தனாரே" என்றாள். மனுசன் முகம் செத்துவிட்டது.

"என்னம்மா இது, சம்பந்தம் பேச வந்தவனப் போயி..."

"ஒரே சாமியக் கும்பிடுற பங்காளியில்ல நீங்க? அப்ப உங்க மக எம் மகனுக்குத் தங்கச்சி. தங்கச்சி கழுத்துல தாலி கட்டச் சொல்றீகளா? நீங்கதான எழுதுனீக?"

ஊர் உலகத்துக்கெல்லாம் முறை சொன்ன அறிஞருக்கு இந்த முறை மட்டும் புத்தியில் ஏறாமல் போயிருக்கிறது பாருங்கள்! புத்தகத்தில் எழுதின சாமி புத்தகத்துக்குள்ளேயே கிடக்கும் என்று நினைத்துவிட்டார்.

உமாதேவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அப்பா, தப்பா எழுதிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்கப்பா. கருப்பு நம்ம சாமி இல்லன்னு சொல்லிருங்க."

சொன்னால் புத்தகம் நாறிப்போகும், பரிவட்டமும் போய்விடும். "ஆராய்ச்சி வேற, குடும்பம் வேறம்மா" என்றார் அந்த மகான். த்தூ! பெற்ற மகளைவிட ஒரு முழத் துணி பெரிதாகப் போயிற்று. சுரேஷ்கண்ணனும் பெரிய வீரன் இல்லை. ஆத்தாக்காரி கண்ணைக் கசக்கியதும் போடியில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். உமாதேவி இன்றுவரை யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.

போன மாசியில் லிங்கேஸ்வரன் செத்தார். சிவராத்திரிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பங்காளி செத்தால் எல்லா வகையறாவுக்கும் தீட்டு, கோயிலுக்குள் கால் வைக்க முடியாது. கிடாயெல்லாம் வாங்கிக் கட்டியாகிவிட்டது. துட்டி கேட்கப் போன இடத்தில் எங்கள் பெரியதனக்காரர்கள் பிணத்தைச் சுற்றி நின்றுகொண்டே குசுகுசுத்தார்கள். பிறகு ஒருத்தர் தொண்டையைச் செருமினார்.

"அவுக நம்ம பங்காளியே இல்லப்பா. ஏதோ புத்தகத்துக்காக எழுதிக்கிட்டாக. நமக்குத் தீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல."

எல்லா மண்டையும் ஆடியது. வெட்கங்கெட்ட கூட்டம்.

அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த உமாதேவி நிமிர்ந்தாள். பந்தல் ஓரத்தில் சுரேஷ்கண்ணன் தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப அவரு எனக்கு அண்ணன் இல்லையா சித்தப்பா?"