கனடாப் பெட்டியும் எங்கள் கறுப்பு வயரும்

கேபிள் தொழிலில் இருக்கிறவளுக்கு எந்த வீட்டில் எப்போது சமையல் முடியும் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. நாடகம் தொடங்கும்போது அடுப்பு அணைந்துவிடும். நீர்வேலிப் பக்கத்தில் எங்கள் கேபிளுக்கு முறைப்பாட்டுப் போன் எடுப்பது நான், ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போவது நான், எங்கள் உள்ளூர் அலைவரிசையில் மரண அறிவித்தல் போடுவதும் நான். கம்பத்தில் ஏறுவது மட்டும் தவமண்ணை. மேசையில் இரண்டு றிமோட்டை வைத்துக்கொண்டு எதை அமத்துவது என்று முழிக்கும் உங்களுக்கும், உங்களிடம் பேச்சு வாங்கும் எனக்கும் தலையிடி ஒன்றுதான். அதனால் ஒளிக்காமல் கதைக்கலாம்.

சுவர் ஆருடையது?

எங்கள் லைனில் குறுகலான ஒரு ஒழுங்கை இருக்கிறது. அங்கே கமலா ரீச்சர் என்ன செய்கிறாரோ அதைத்தான் மற்ற வீடுகளும் செய்யும். அவர் படலைக் கதவுக்குப் பச்சை அடித்தால் ஒழுங்கை முழுக்கப் பச்சை. இளைப்பாறி நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்த ஒழுங்கையில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். நானும் படித்தேன். அவருடைய மகன் சுதன் கனடாவிலிருந்து ஒரு சின்னப் பெட்டி அனுப்பினான். அதை ரீவியில் குத்தினால் இன்ரர்நெற்றில் படமும் நாடகமும் வேண்டிய நேரத்தில் வருமாம். கேபிளைக் கழற்றிவிடச் சொல்லி எனக்கே போன் எடுத்தான்.

ரீச்சர் கழற்றினால் ஒழுங்கை முழுக்கக் கழற்றும். ஒழுங்கை போனால் அதற்கு அங்கால் போகிற லைனை வைத்திருப்பதில் பிரயோசனமில்லை. ஆனாலும் நான் கலங்கவில்லை. நேரே போய், ஒரு மாதம் இரண்டையும் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள் என்றேன். ரீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சொன்னார்: "அவன் ஆயிரம் சொல்லுவான் பிள்ளை. வயர் போறது என்ரை சுவரிலையெல்லோ."

குலை வெட்டுமட்டும்

அந்த ஒரு மாதத்தில் எங்கள் படம் கண்ணாடிபோல் இருக்கவேண்டும் என்று தவமண்ணையிடம் சொல்லிவைத்தேன். இரண்டாம் கிழமையே படம் துண்டு துண்டாக வெட்டத் தொடங்கியது, அதுவும் ரீச்சரின் நாடகத்தில் கலியாணம் நடக்கிற அன்று. கனடாப் பெட்டியில் அதே கலியாணம் தாலி கட்டும்வரை தடங்கலில்லாமல் ஓடியதாம்.

தவமண்ணை லைன் வழியே நடந்து பார்த்தார். இராசையா அண்ணையின் வாழைத்தோட்டத்தடியில் எங்கள் வயர் வில்லுப்போல் வளைந்து கிடந்தது. முதல்நாள் காற்றுக்குச் சரிந்த கதலி வாழையை, முட்டுக்கொடுக்கத் தடி கிடைக்காமல், அந்த மனிதர் எங்கள் வயரோடு சேர்த்துக் கட்டிவிட்டிருந்தார். கட்டியதும் சும்மா கட்டில்லை, மூன்று முடிச்சு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவரோ குலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, அவசரமில்லாமல் சொன்னார்: "குலை வெட்டுமட்டும் பொறு பிள்ளை. நாடகம் எங்கை போகப்போகுது? அது வாற வருசமும் ஓடும்."

கனடாவில் நித்திரை

மாதம் முடிய ரீச்சர் என்னைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். தேத்தண்ணி தந்தாலே விசயம் நல்லதில்லை என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தவமண்ணை வயரைச் சுருட்டினார். நான் சிரித்துக்கொண்டுதான் வெளியில் வந்தேன்.

நான் பயந்தபடியே அடுத்தடுத்த வீடுகளும் கழற்றச் சொல்லின. ஆளுக்கொரு பெட்டி வாங்கிவிட்டார்களோ என்று விசாரித்தால், கதை வேறு. சுதனுடைய பாஸ்வேர்ட்டை ரீச்சர் பெரிய எழுத்தில் எழுதி, கோயில் பிரசாதம் பகிர்வதுபோல் ஒழுங்கை முழுக்கக் கொடுத்துவிட்டார், அவர்கள் போனிலேயே பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சுதன் படம் பார்க்க இருந்தால், ஏற்கெனவே ஆட்கள் கூடிவிட்டார்கள், இடமில்லை என்று அவனுடைய ரீவியே அவனை வெளியில் விட்டதாம். எனக்கு உள்ளூரச் சந்தோசம், மறைக்கமாட்டேன். இது நியாயமோ என்று ரீச்சரிடம் கேட்டேன். அவர் அசையவில்லை: "அவன் நித்திரை கொள்ளேக்கைதானே நாங்கள் பாக்கிறம். வீணாப் போறதை அயலுக்குக் குடுத்தால் என்ன பிழை?"

சாவகச்சேரிக்கு

ஒருநாள் காலை சாவகச்சேரியிலிருந்து ஒரு மரண அறிவித்தல் வந்தது. படத்தைத் திரையில் ஏற்றியதும் கை நின்றுவிட்டது. சரஸ்வதி ரீச்சர். எங்கள் பள்ளிக்கூடத்தில் கமலா ரீச்சரின் பக்கத்து வகுப்பில் படிப்பித்தவர். இரண்டு பேரும் ஒரே சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பங்கிட்டதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அன்று மத்தியானமே பிரேதம் எடுப்பு.

எங்களுக்குக் கலியாண வீடென்றால் வந்து சொல்லவேண்டும். செத்தவீட்டுக்கு அப்படியில்லை, கேள்விப்பட்டவுடன் போய்விடவேண்டும். கேள்விப்படத்தானே ஊர் முழுக்க எங்கள் அலைவரிசையைப் போட்டு வைத்திருக்கிறது. ஆனால் அந்த ஒழுங்கையில் இப்போது ஒரு வீட்டிலும் எங்கள் வயர் இல்லை. ரீச்சரின் போனோ மகனைப் பார்க்க மட்டும். கழற்றின வீட்டுக்கு நான் ஏன் போகவேண்டும் என்று உங்களில் ஆராவது கேட்பீர்கள். அப்படிச் சின்ன மனம் எனக்கில்லை. அறிவித்தலைப் போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

ரீச்சர் நாடகத்தை நிப்பாட்டி வைத்துவிட்டு நான் சொன்னதைக் கேட்டார். அழவில்லை. எத்தனை மணிக்கு எடுக்கினம் என்று மட்டும் கேட்டார், சேலை மாற்றிக்கொண்டு வந்து பின்னால் ஏறினார். கோப்பாய் வெளியால் கைதடிக்குப் போகும்வரை என் தோளைப் பிடித்த கையை ரீச்சர் எடுக்கவில்லை. பிரேதத்தை மூட முன்னர் போய்ச் சேர்ந்தோம். ரீச்சர் தன் சிநேகிதியின் நெற்றியைத் தடவி, பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை.

பந்தலில் ஒருவர் கமரா வைத்து, வெளிநாட்டிலிருக்கும் சொந்தங்களுக்காக எல்லாவற்றையும் நேரடியாக இன்ரர்நெற்றில் அனுப்பிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து ரீச்சரை வீட்டில் இறக்கியபோது என் போன் அடித்தது. சுதன். கனடாவில் அப்போது விடியவில்லை. அவனும் சரஸ்வதி ரீச்சரிடம் படித்தவன், நித்திரை முழித்து அந்த ஒளிபரப்பைப் பார்த்திருக்கிறான். கூட்டத்தில் தாயையும் என்னையும் கண்டிருக்கிறான். தாய்க்கு அந்தச் செய்தி எப்படிக் கிடைத்தது என்று நான் சொன்னேன். கேபிளைக் கழற்றச் சொன்னவனே இப்போது சொன்னான்: "எனக்கு நேற்றே தெரியும் அக்கா. அம்மாவுக்குத் தனியாச் சொல்லத் தேவையில்லை எண்டு விட்டிட்டன். உங்கடை ரீவியிலை போகுமெல்லோ."

இரண்டு றிமோட்

ரீச்சர் முழுகிவிட்டு வந்து, தலை துவட்ட முன்னரே, மகனைப் பார்க்கிற அந்தப் போனில் எனக்கு எடுத்தார். அடுத்தநாள் தவமண்ணை அதே ஆணியில் வயரைக் கொழுவினார். பெட்டியும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒழுங்கைக்காரர் கொஞ்சம் வெட்கத்தோடு ஒவ்வொருவராக வந்தார்கள். நான் ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை, இராசையா அண்ணையிடம் மட்டும் வாழைக்கு ஒரு தடி வாங்கச் சொன்னேன்.

கேபிளோ, பெட்டியோ, கடைசியில் எது நல்லது என்று ரீச்சரிடமே கேட்டேன். பிள்ளைகளின் கொப்பி திருத்துகிறவர்போல் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: "சிரிக்க அவன்ரை பெட்டி போதும் பிள்ளை. ஆரிட்டை அழப்போக வேணுமெண்டு உன்ரை வயர்தான் சொல்லும்."

இவ்வளவு காலமும் படம் காட்டித்தான் பிழைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பார்த்தால் எங்கள் கேபிளைச் சாகவிடாமல் வைத்திருப்பவர்கள் செத்தவர்கள்தான்.