பந்து என் காலில் பட்டது

என் மகள் ஹாக்கி விளையாடி நான் அதுவரை பார்த்ததே இல்லை. போடியில் படித்த காலத்தில் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போவாள், முழங்காலில் சிராய்ப்போடு வருவாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நான் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறவள். என் வீட்டுக்காரர் போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டுகிறார். பள்ளிக்கூட மைதானத்தில் போய் நிற்க எங்கள் இரண்டு பேருக்குமே நேரம் வாய்த்ததில்லை.

இப்போது அவள் மதுரையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அவளுடைய அணி அரையிறுதிக்கு வந்திருந்தது. போனில் அவள் அப்பாவிடம்தான் சொன்னாள். "வர்றீங்களாப்பா?" என்று கேட்டது எனக்கும் காதில் விழுந்தது.

சனிக்கிழமை ஆள் ஏற்றுவதை இன்னொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஜீப்பைக் கழுவி நிறுத்தினார் அவர். கொழுந்தனும் கூட வருகிறேன் என்றான். நான் கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டேன். வாசலில் வைத்தே அவர், "எதுக்குப் புள்ள இது?" என்றார். "காலேஜுக்குப் போறோம்ல" என்றேன்.

உசிலம்பட்டி தாண்டும்வரை கொழுந்தன் எனக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தான். மட்டையின் ஒரு பக்கத்தால் மட்டும்தான் அடிக்க வேண்டுமாம். பந்து காலில் பட்டால் தப்பாம். "எல்லாம் வெரசா நடக்கும் மதினி, பந்தப் பாக்காதீங்க, நம்ம பாப்பாவ மட்டும் பாருங்க" என்றான். நான் அதைத்தான் செய்தேன்.

மைதானம் நான் நினைத்ததுபோல் மண்தரையாக இல்லை. பச்சை விரிப்பு விரித்து, ஆட்டத்துக்கு முன்னால் அதன்மேல் தண்ணீர் பீய்ச்சி அடித்தார்கள். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பெற்றோர்கள் சாதாரண உடுப்பில் இருந்தார்கள். பட்டுச்சேலை நான் ஒருத்திதான். முந்தானையை இழுத்து மடியில் சுருட்டி வைத்துக்கொண்டேன். எங்களுக்குக் கீழே கம்பி வேலி. தண்ணீர் கேன் கொண்டுபோவதற்காக அதிலிருந்த சின்னக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

ஆட்டம் பாதிக்குமேல் போனபோது எதிரணி ஒரு கோல் போட்டிருந்தது. என் மகள் எங்கள் பக்கத்து ஓரமாகப் பந்தை உருட்டிக்கொண்டு ஓடிவந்தாள். எதிரணிப் பெண் ஒருத்தி குறுக்கே வந்து மட்டையை வீச, அதன் நுனி என் மகளின் வாயில் பட்டது. அவள் குப்புற விழுந்தாள். விசில் சத்தம் கேட்கவில்லை. அவள் தலையைத் தூக்கியபோது உதட்டில் ரத்தம்.

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. கதவைத் தாண்டியதும் தெரியாது. கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. ஈரத்தில் செருப்பு வழுக்க, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வீட்டில் அவளைக் கூப்பிடுவதுபோலவே "ஆத்தா, ஆத்தா" என்று கூப்பிட்டபடி ஓடினேன். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள். கோலுக்கு முன்னால் அவளுடைய தோழி தனியாக, தடுக்க ஆளில்லாமல் நிற்பதைப் பார்த்து, வாயைத் துடைக்கக்கூட நேரமெடுக்காமல் பக்கத்திலேயே கிடந்த பந்தை ஓங்கி அடித்தாள்.

அது என் கணுக்காலில் பட்டு நின்றது.

அப்புறம்தான் விசில் ஊதினார்கள். பிறகு ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பி மைதானம் முழுக்கப் பரவியது. என் மகள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் யார் என்று தெரியாததுபோல் பார்த்தாள். பயிற்சியாளர் வந்து, "அம்மா, வாங்க, வெளிய உக்காருங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதை இன்னும் கூசவைத்தது. கால் சுரீரென்று வலித்தது, நொண்டாமல் நடந்து வெளியே வந்தேன்.

படிக்கட்டில் என் வீட்டுக்காரர் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் எங்கள் அணிப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வாய்ப்பு வரவே இல்லை. அந்த ஒரு கோலில் தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்து உதட்டில் ஐஸை வைத்துக்கொண்டு வந்தாள். அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் பேசினாள். என்னிடம், "எதுக்கும்மா வந்த?" என்று மட்டும் கேட்டாள். மைதானத்துக்குள் வந்ததைக் கேட்டாளா, மதுரைக்கே வந்ததைக் கேட்டாளா என்று எனக்கு விளங்கவில்லை.

திரும்பி வரும்போது ஆண்டிபட்டிக் கணவாய் ஏறுகையில் அவர், "நானுந்தான் எந்திரிச்சேன்" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "ஆனா நின்னுட்டேன்ல" என்றார்.

யாரோ அதைப் போனில் எடுத்து ஊரெல்லாம் அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை கடைக்குப் போனால் கூட வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் பார்த்திருந்தார்கள். "பட்டுச்சேல பறக்குதே" என்று ஒருத்தி சொல்ல, முறத்தில் காய் சிதறும் அளவுக்குச் சிரித்தார்கள். கெட்ட எண்ணமில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் பச்சைக் காயையும் வெளுத்த காயையும் ஒன்றாகப் போட்டுவைத்து மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன். கடைவீதி வழியாக நடக்காமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வீங்கிய காலில் எண்ணெய் தேய்த்து, சேலைக்குள் மறைத்துவைத்தேன். மகள் அவள் அப்பாவுக்கு மட்டும் போன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது உதட்டில் சின்னதாக ஒரு தழும்பு இருந்தது. காரம் குறைத்துக் குழம்பு வைத்திருந்தேன். அவளாகவே பேச்சை எடுத்தாள்.

"டீம்ல ஒன்னய என்ன சொல்றாங்க தெரியுமா? பன்னெண்டாவது ஆளாம்."

அவள் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு ஒனக்குக் கூச்சமா இருந்துச்சாத்தா?"

"இருந்துச்சு."

"இப்ப?"

சோற்றைப் பிசைந்தபடி யோசித்தாள். "இப்பக் கொஞ்சம் கம்மி" என்றாள்.

அவள் பொய் சொல்லாததில் எனக்கு ஒரு நிம்மதி. ஆனால் 'கொஞ்சம் கம்மி' என்றால் மீதி இருக்கிறது என்றுதானே அர்த்தம். சாப்பிட்டு எழுந்து கையைக் கழுவிவிட்டு, அடுத்த மாதம் திண்டுக்கல்லில் ஆட்டம் இருக்கிறது என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் வரல ஆத்தா. அப்பா வருவாரு."

"வா. மேல் படியில உக்காரு."

சரி என்றேன். போவேனா என்று இன்னும் தெரியவில்லை. அவள் மறுபடியும் விழுந்தால் நான் உட்கார்ந்தே இருப்பேன் என்று என்னாலேயே என்னை நம்ப முடியவில்லை.