பாத்திரக்கடைக்குப் பாட்டுக் கட்டிய ஜப்பான் அக்கா

தொண்ணூறுகளின் நடுவில், ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு ஜப்பான்காரர் குடியிருந்தார். தூத்துக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்த வந்த இன்ஜினியர். அவருடைய அக்கா கொஞ்ச நாள் தங்க வருகிறாள், ஜப்பானில் பெரிய பாடகி, பாட்டும் அவளே எழுதி மெட்டும் அவளே போடுவாள் என்று அவர் சொன்னதும், அம்மா வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டாள்.

வந்து இறங்கியவள் ஆம்பளைச் சட்டை போட்டிருந்தாள். கழுத்திலும் காதிலும் ஒன்றுமில்லை.

"பாடகின்னாவ. பொட்டுத் தங்கத்தக் காணோம்" என்றாள் அம்மா. வெள்ளையடித்த செலவு அவள் முகத்தில் தெரிந்தது.

நான் அப்போது எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, வேலையோ மாப்பிள்ளையோ எது முதலில் வந்தாலும் சரி என்று வீட்டில் கிடந்தேன். இங்கிலீஷ் படித்தவளுக்கு எல்லா வெளிநாட்டுப் பாஷையும் தெரியும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அதனால் நான்தான் மொழிபெயர்ப்பாளர். அக்காவின் இங்கிலீஷும் ஓட்டைதான், என்னுடையதும் ஓட்டைதான். ஆனால் ஓட்டைகள் வெவ்வேறு இடத்தில் இருந்ததால் ஒருமாதிரி சமாளித்தோம்.

தன் தம்பி வேலைக்குப் போனதும் அக்கா கீழே வந்து அடுக்களையில் உட்கார்ந்து எங்களோடு சின்ன வெங்காயம் உரிப்பாள். கண் எரிய எரியத் தன் கதையைச் சொல்வாள். ஊர், கடலோரம். அப்பா படகு இன்ஜின் ரிப்பேர் பார்ப்பவர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தானாகக் கிட்டார் கற்றுக்கொண்டு, டோக்கியோவுக்கு ஓடிப்போய், பகலில் நூடுல்ஸ் கடையில் தட்டுக் கழுவி, சாயங்காலம் சின்னச் சின்ன மதுக்கடைகளில் பாடியிருக்கிறாள். ஒரு இசைக் கம்பெனி கூப்பிட்டது. முதல் பாட்டே ஓகோவென்று ஓடியது. அதைத் தலைவலி மாத்திரை விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஊரெல்லாம் அவளைத் தலைவலிக்காரி என்றுதான் அடையாளம் கண்டது. அடுத்து எழுதியதெல்லாம் அந்தப் பாட்டு மாதிரி இல்லை என்று கம்பெனி முகம் சுளித்தது. அந்த மாதிரியே ஒன்று எழுதினால், பழசையே எழுதுகிறாள் என்று ஜனங்கள் முகம் சுளித்தார்கள். கடைசியில் கம்பெனியே கையைக் கழுவிவிட்டது.

அம்மாவுக்கு இதெல்லாம் ஊறுகாய் மாதிரி. சாப்பாடு வேறு. "கல்யாணம் ஆச்சான்னு கேளுட்டி."

கேட்டேன். அக்கா சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன்: "ஒண்ணு ஆச்சாம். திருப்பிக் குடுத்துட்டாளாம்."

"திருப்பிக் குடுக்கதுக்கு அது என்ன, சருவச்சட்டியா?" என்றாள் அம்மா. ஆனால் அன்றைக்கு அக்கா இலையில் அப்பளம் ஒன்று கூடுதலாக விழுந்தது.

சருவச்சட்டி என்றதும் என் சித்தப்பாவைச் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் அவருக்குப் பாத்திரக்கடை. தீபாவளி நெருங்க நெருங்க, எதிர்க் கடைக்காரர் உள்ளூர் கேபிள் டிவியில் பாட்டோடு விளம்பரம் போட ஆரம்பித்திருந்தார். சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. கேபிள்காரரைக் கூட்டிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"வீட்டுக்குள்ள ஜப்பான் பாடகிய வச்சிக்கிட்டு நான் ஏம்வே ஊரெல்லாம் அலையணும்? ஏட்டி, கேளு அவகிட்ட."

எனக்கு மானம் போனது. விளம்பரப் பாட்டால் நொந்துபோய் வந்தவளிடம் போய் விளம்பரப் பாட்டு கேட்பதா? தயங்கித் தயங்கிக் கேட்டேன். அக்கா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "கடையைப் பார்க்கணும்" என்றாள்.

மறுநாள் கடைக்குப் போனோம். ஒரு கரண்டியை எடுத்து அண்டா, குடம், தூக்குச்சட்டி, தம்ளர் என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டாள். சாமான் வாங்க வந்த பெண்கள், ஏதோ தரம் பார்க்கிறாள் என்று நினைத்துத் தாங்களும் தட்ட ஆரம்பித்தார்கள். ஒருத்தி, "இந்தக் குடம் செத்த சத்தம் போடுதே அண்ணாச்சி" என்று வைத்துவிட்டுப் போயே போய்விட்டாள். சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மெட்டு அந்தச் சத்தங்களிலிருந்தே பிறந்தது. வார்த்தைகள் என் பொறுப்பு. நான் எம்.ஏ. படித்த திமிரில் எதுகை மோனையோடு எழுதிக் கொடுத்தேன். அக்கா பாடிப் பார்த்து, மூச்சு முட்டுகிறது என்று பாதியை வெட்டினாள். மிஞ்சியது இவ்வளவுதான்: "கல்யாணமா? தல தீபாவளியா? எல்லாம் இங்கன இருக்கு." பிறகு கடைப் பெயர்.

சித்தப்பா கேட்டுவிட்டு, கடைப் பெயர் மூன்று தடவை வரவேண்டும், பித்தளை, செம்பு, எவர்சில்வர் எல்லாம் தனித்தனியாக வரவேண்டும், போன் நம்பரும் வரவேண்டும் என்றார். நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்கள் கம்பெனி முதலாளியேதான். அவருக்கு மீசை கிடையாது, அவ்வளவுதான்" என்றாள். அப்புறம் சண்டை ஆரம்பித்தது. ரெண்டு பேர் சண்டையையும் நான் ஒருத்தி போட வேண்டியிருந்தது.

"போன் நம்பர் இல்லாம விளம்பரமா?"

"குடம் வாங்க யாராவது போன் பண்ணுவார்களா?"

சித்தப்பா கேபிள்காரரைப் பார்த்தார். "யாரும் பண்ண மாட்டாவ, அண்ணாச்சி" என்றார் அவர் பைய. போன் நம்பர் போனது. கடைப் பெயர் இரண்டு தடவைக்கு ராஜியானது.

கேபிள்காரர் வீட்டு அறையில் பதிவு. மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்வையில் குளித்தபடி பாடினாள். அவளுக்கு 'ல'வும் வரவில்லை, 'ள'வும் வரவில்லை. "கர்யாணமா? தர தீபாவரியா? எர்ராம் இங்கன இருக்கு!" நான் திரும்பத் திரும்பத் திருத்தினேன். கடைசியில் போட்டுக் கேட்டபோது, "தப்பா இருக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"இருக்கட்டும்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். டோக்கியோவில் முதல் பாட்டைப் பதிந்தபோது, அவளுடைய கடலோர ஊர்ப் பேச்சு வாடையே வரக்கூடாது என்று வாரக்கணக்கில் பாடம் எடுத்திருக்கிறார்கள். பாட்டு வெளிவந்ததும் அவளுடைய அப்பா ரேடியோவில் கேட்டுவிட்டு, "நல்லாப் பாடுது, யார் வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. கேபிள்காரர் எழுந்து மின்விசிறியைப் போட்டார்.

விளம்பரம் வந்த வாரமே ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் கண்டக்டர், "எர்ராம் உள்ள போங்க" என்றார். பத்திரிகை வைக்க வந்தவர்கள் "வீட்டுல கர்யாணம்" என்று சொல்லிச் சிரித்தார்கள். எதிர்க் கடைக்காரரே தன்னை மறந்து முணுமுணுத்ததாகச் சித்தப்பா சத்தியம் பண்ணினார். ஏரலிலிருந்து ஆட்கள் வந்து ஜப்பான் குடம் கேட்டார்கள். அப்படி ஒரு குடம் உலகத்திலேயே கிடையாது. சித்தப்பா கண்ணிமைக்காமல், "இருக்கு, உக்காருங்க" என்றார். செத்த சத்தம் போட்ட குடமும் அப்படித்தான் விற்றது.

அக்கா கடைத்தெருவுக்குப் போனால் பிள்ளைகள் பின்னாலேயே பாடிக்கொண்டு வரும். அவள் நின்று, கையைத் தட்டித் தாளம் சரிபண்ணிக் கொடுத்துவிட்டுப் போவாள்.

தீபாவளி முடிந்து அக்கா ஊருக்குப் போனாள். சித்தப்பா கொடுத்த இட்லிக் கொப்பரையை விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டே போனதாக அவள் தம்பி சொன்னார். இரண்டு வருஷம் கழித்து அவரும் வேலை முடிந்து கிளம்பினார். விடைபெற வந்தவரிடம் அம்மா அக்காவைப் பற்றி விசாரித்தாள். டோக்கியோ பக்கமே போகவில்லையாம். சொந்த ஊரில் டயர் கடைக்கும் மீன் கடைக்கும் பல் டாக்டருக்கும் விளம்பரப் பாட்டுக் கட்டிக் கொடுக்கிறாளாம், ஊர்ப் பேச்சிலேயே. சாயங்காலம் துறைமுகத்துப் பக்கம் ஒரு மதுக்கடையில் பாடுகிறாளாம். படகுக்காரர்கள் பாட்டு நடுவே பேசினால், கிட்டாரை நிறுத்திவிட்டு வைவாளாம். வைவதைக் கேட்கவே தனிக் கூட்டம் வருகிறதாம்.

நான் மொழிபெயர்த்து முடித்ததும் அம்மா யோசித்தாள்.

"குடிக்கிற கடையிலயா?"

"ஆமா."

"சாப்பாடு போடுதாவளா?"

கேட்டுச் சொன்னேன். "போடுதாவளாம், அம்மா. மீனும் சோறும்."

"அப்பச் சரி" என்று அம்மா எழுந்து, அவருக்கு வழியில் சாப்பிடப் புளியோதரை கட்டப் போனாள்.