வல்லக்கோட்டையில் கொடுத்த மீசை

ஒரகடம் பக்கத்தில் பைலட் என்றால் பலராமனைத்தான் சொல்வார்கள். கேலியாகத்தான் சொல்வார்கள். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, பெட்டி அடுக்குகிறவனுக்கு அந்தப் பெயர் வைத்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் பெயர் பொய்யில்லை. மீனம்பாக்கத்தில் படித்து, விமானம் ஓட்டும் லைசென்ஸை எண்பத்து மூன்றிலேயே வாங்கிவிட்டான். வேலைதான் கிடைக்கவில்லை. விமானம் வைத்திருந்தது சர்க்கார் ஒன்றுதான். அங்கே ஒரு இடம் காலியானால் முந்நூறு பேர் மனுப் போட்டார்கள். லைசென்ஸ் செத்துப்போகாமல் இருக்க அவ்வப்போது சில மணி நேரமாவது பறந்தாக வேண்டும். அந்தச் செலவுக்காக எட்டு வருஷம் ஓ.டி. பார்த்தான்.

மாப்பிள்ளை பைலட் என்று சொல்லித்தான் கனகத்தைப் பெண் கேட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஏமாந்துவிட்டதாக ஊர் முழுக்க வருத்தப்பட்டது, அவளைத் தவிர. அவளுக்கு அவன்மேல் கோபமே வரவில்லை. ஷிப்டு முடிந்து வந்து, கை கால் கழுவி, அந்தத் தடித்த இங்கிலீஷ் புத்தகங்களைப் பரீட்சைக்குப் படிக்கிற பையனைப் போல எடுத்து வைத்துக்கொள்கிறவனிடம் எப்படிக் கோபப்படுவது? அவனுக்காகக் கடவுளிடம்தான் கோபித்துக்கொண்டாள். முதல் வருஷமே வல்லக்கோட்டை முருகனிடம் போய், "எங்க வூட்டுக்காரருக்கு பிளேன் கெடச்சா, அவரு மொட்டை போட்டுக்குவாரு" என்று வேண்டிக்கொண்டாள். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அடுத்தவர் தலையை வைத்து வேண்டிக்கொள்வது வழக்கம். யார் முடி என்று முருகன் இதுவரை யாரையும் விசாரித்ததில்லை.

தொண்ணூற்றொன்றில் காலம் கொஞ்சம் கண்ணைத் திறந்தது. சரக்கு மட்டும் ஏற்றிப்போகத் தனியார் விமானங்கள் வரத் தொடங்கின. பல்லாவரத்தில் ஆபீஸ் போட்டிருந்த ஒரு புதுக் கம்பெனியின் விளம்பரத்தைப் பார்த்துப் பலராமன் போனான். பேட்டி கண்டவர் கேப்டன் கோதண்டராமன், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே நடந்ததை அன்று சாயங்காலம் கனகத்திடம் நடித்தே காட்டினான்.

"லைசென்ஸ் வாங்கி எட்டு வருஷமா என்னப்பா பண்ணிக்கிட்டிருந்தேன்னு கேட்டாரு. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன் சார்னேன். பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க. அவரு சிரிக்கல. ரெண்டு டன் பெட்டி ஒண்ணு, சின்னப் பெட்டி நாப்பது. எது எங்க போவும்னாரு. பெருசு றெக்கை பக்கத்துல, நடுவுல. சின்னதெல்லாம் முன்னயும் பின்னயும் பிரிச்சி. வாலுப் பக்கம் பாரம் ஏறிச்சின்னா மூக்கு தூக்கிக்கும்னேன். ஒரு வருஷம் பறந்தவனுக்கும் இது கையில வராது, நாளைக்கே வாய்யான்னுட்டாரு."

கனகம் அப்போதே அழுதுவிட்டாள். அதன் பிறகு இரண்டு மாதப் பயிற்சி. தினமும் விடிந்ததும் டி.வி.எஸ். ஃபிப்டியில் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன், வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டுத் திரிசூலத்துக்கு ரயில். எட்டு வருஷமாகக் கூட வேலை பார்த்தவர்கள் தாம்பரம் பக்கமிருந்து வந்து மறைமலை நகரில் இறங்குகிற நேரத்தில், இவன் அதே பாதையில் எதிர்த்திசையில் போனான். விமான நிலையத்துக்குள் போகப் போட்டோ ஒட்டிய பாஸ் கொடுத்தார்கள். போட்டோவில் தலைநிறைய முடியும் மீசையுமாக இருந்தான். அந்தப் பாஸைக் கனகம் பூஜை மாடத்தில் வைத்து எடுத்துக் கொடுத்தாள்.

அக்டோபர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை முதல் பயணம் என்று தேதி குறித்தார்கள். காலை ஒன்பது மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். ஆறு மாதம் தகுதி பார்க்கிற காலம். வர வேண்டிய நேரத்துக்கு ஒருமுறை வராவிட்டால் அதோடு சரி. ஸ்ரீதர் என்று இன்னொரு பைலட்டை உள்ளேயே தயாராக உட்கார வைத்திருப்பார்கள். அவனுக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் நிற்கிறார்கள்.

வியாழக்கிழமை கனகம் பிடிவாதமாக நின்றாள். "வேண்டுதல பாக்கி வெச்சிக்கினு ஆகாசத்துல போவக் கூடாது. இன்னிக்கே வல்லக்கோட்டைக்குப் போய்ட்டு வந்துடலாம்."

"வேண்டிக்கினது நீ. மீசை போறது எனுக்கா?" என்று முனகினான். ஆனாலும் போனான். அவள் கேட்டு அவன் எதை மறுத்திருக்கிறான்?

நாவிதர் எல்லப்பன் தலையை முடித்து, மீசைக்கும் கத்தி வைத்தார். மீசை போனதும் பலராமன் பத்தொன்பது வயசுப் பையனாகிவிட்டான். மேலுதட்டைத் தடவிப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். இத்தனை வருஷம் ஊர் சிரித்ததெல்லாம் போதாதென்று, இன்றைக்கும் இவன் ஒருவனே சிரிப்புக்கு ஆளாக வேண்டுமா என்று கனகத்துக்குப் பட்டது. கொண்டையை அவிழ்த்துக்கொண்டு பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தாள்.

"நீ வேணாம் கனகம். உன்னுத வேண்டிக்கலியே."

"பரவால்ல. வூட்டுக்குப் போயி ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிச்சிக்கலாம்."

அவன் சிரிக்கவில்லை. கீழே விழுந்த அவள் முடியை மிதிக்காமல் எழுந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி அது.

பாஸில் ஒட்டியிருந்த போட்டோ அன்று இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. சாமி காரியத்தில் சர்க்கார் காகிதத்தை யார் நினைப்பார்கள்?

மறுநாள், ஏர்ப்போர்ட்டை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கனகமும் கூடவே ரயில் ஏறினாள். தலையில் முந்தானையை இறுக்கிப் போட்டிருந்தாள். எட்டே காலுக்குச் சரக்குப் பக்கத்து கேட்டில் நின்றார்கள். காவலுக்கு இருந்த ஏட்டு பாஸை வாங்கிப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். மறுபடி பாஸைப் பார்த்தார்.

"இது யாரு?"

"நான்தான் சார். நேத்து மொட்டை போட்டேன்."

ஏட்டு முகவரியைப் படித்தார். ஸ்ரீபெரும்புதூர் வட்டம். மே மாதம் அந்த ஊரில் குண்டு வெடித்துத் தலைவர் செத்ததற்குப் பிறகு, அந்தப் பெயரை முகவரியில் வைத்திருப்பவர்களைப் போலீஸ் இரண்டு தடவை பார்த்தது. அவரைக் குறை சொல்வதற்கில்லை.

"மூஞ்சி மாத்திக்கறதுக்கும் மொட்டை அடிப்பானுங்க. புது போட்டோ ஒட்டிக்கினு வா. ஓரமா நில்லு."

"புதுப் பாஸுக்குப் பத்து நாளாவும் சார். ஒம்போது மணிக்கு நான் உள்ள இருக்கணும். இல்லேன்னா வேலை பூடும். எங்க ஆபீசுக்கு ஒரு போன் போடுங்க சார்."

"உனுக்கு போன் போடவா நான் இங்க நிக்கறேன்?"

லாரிகள் வந்தன, போயின. ஏட்டு அவற்றைப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். எட்டரை ஆயிற்று. எட்டே முக்கால் ஆயிற்று. பலராமன் மூன்று முறை கெஞ்சிவிட்டு நான்காவது முறை வாயைத் திறக்காமல் நின்றான். எட்டு வருஷம் காத்திருந்து பழகியவன் அல்லவா, ஓரமாக நில் என்றால் நிற்கத் தெரிந்துவிட்டது. அவன் அப்படி நின்றதைப் பார்க்கத்தான் கனகத்தால் முடியவில்லை. நம்மாலே கெட்டது, நாம்தான் கெடுத்தோம் என்று உள்ளே அடித்துக்கொண்டது.

நேரே ஏட்டுக்கு முன்னால் போய் நின்று, முந்தானையைத் தலையிலிருந்து இறக்கினாள்.

லாரிக்காரர்கள் பார்த்தார்கள். பெட்டி தூக்குகிறவர்கள் பார்த்தார்கள். வெயிலில் அந்த மொட்டைத் தலை பளிச்சென்று இருந்தது.

"அய்யா, அவரு மேல தப்பு இல்ல. நான்தான் அவரு தலைய வெச்சி வேண்டிக்கினு கூட்டிம்போயி ஒக்கார வெச்சேன். கூட நானும் போட்டுக்கினேன். மூஞ்சி மாத்திக்கறவங்கன்னா பொண்டாட்டி தலைய எதுக்கு வழிக்கறாங்க? ஒரே ஒரு போன் போடுங்க. உள்ளேர்ந்து யாரனா வந்து, இவரு அந்த ஆளு இல்லேன்னு சொன்னா, நாங்க ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கே வந்துடறோம்."

ஏட்டு அவள் தலையைப் பார்த்தார். பார்த்ததும் கூச்சம் வந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார். "மூடிக்கம்மா, மூடிக்க" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார்.

கேப்டன் கோதண்டராமன் வேர்க்க விறுவிறுக்க வந்தார். அவருக்கும் முதலில் ஆள் தெரியவில்லை. "குட் மார்னிங் சார்" என்று பலராமன் சொன்ன பிறகுதான் தெரிந்தது. இரண்டு மொட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த அம்மா?"

"எங்க வூட்ல சார்."

கேப்டன், என் பொறுப்பு என்று ஏட்டின் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மணி ஒன்பதுக்கு நான்கு நிமிஷம். "ஓடுய்யா" என்றார்.

பலராமன் ஓடினான். பாதி தூரம் போய் நின்று திரும்பினான். போய்ட்டு வரேன் என்று சொல்ல நினைத்திருப்பான். தன் மொட்டைத் தலையை ஒருமுறை தடவிக் காட்டிவிட்டு மறுபடி ஓடினான்.

கனகம் திரிசூலம் ஸ்டேஷனுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். முந்தானை தோளிலேயே கிடந்தது. எத்தனை மணிக்குக் கிளம்புவான், விமானம் என்ன நிறம், பெரியதா சின்னதா என்று அவனைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. செங்கல்பட்டு வண்டி வந்தது. அவள் ஏறவில்லை. ஒரு விமானம் இரைச்சலோடு எழும்பியது. எழுந்து நின்று கும்பிட்டாள். இன்னொரு வண்டி வந்து போனது. இன்னொரு விமானம் எழும்பியது. அதையும் கும்பிட்டாள். எதில் அவன் போகிறான் என்று தெரியாததால், மத்தியானம் வரைக்கும் மேலே போன ஒவ்வொன்றையும் நின்று வழியனுப்பிவிட்டே வீட்டுக்கு ரயில் ஏறினாள்.